லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டம்: பெட்ரோல் மாட்டிக்கொண்ட கதை

1943 ஜூலை 26. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பட்டப்பகலில் புகைமூட்டம் இறங்கியது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. உலகப்போர் காலம் என்பதால் எதிரியின் விஷவாயுவோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஆலையின் மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகை போகவில்லை!

1947ல் காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பு வந்தது. ஆலைகளின் கந்தகப் புகையைக் குறைத்தார்கள். அப்போதும் கண்ணெரிச்சல் தீரவில்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

விடை சொன்னவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்த இவர், கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர். அதே முறையில் நகரத்தின் காற்றைக் குளிரவைத்துப் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல் என்பது பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. எரியாமல் புகைக்குழாய் வழியாக வெளியேறுவதும், டேங்கிலிருந்து ஆவியாவதும், சுத்திகரிப்பு ஆலைகளில் கசிவதும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, வெயில் பட்டதும் ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அந்த ஊரில் டயர்கள் சீக்கிரம் வெடித்துக் கீறல் விட்டதற்கும் இந்த ஓசோன்தான் காரணம்.

எண்ணெய் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. அவற்றின் பணத்தில் நடந்த ஆய்வு அவரை மறுத்தது. அவரோ சோதனைகளைத் தொடர்ந்து செய்து வாயடைத்தார்.

எல்லா ஹைட்ரோகார்பனும் ஒன்றல்ல. ஒலிபீன்கள் வேகமாக வினைபுரிந்து ஓசோனைக் கூட்டும். பியூட்டேன் எளிதில் ஆவியாகும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும். எனவே காரை மட்டும் திருத்தினால் போதாது, பெட்ரோலையும் திருத்த வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1975 மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி வந்தது. ஈயம் அதைக் கெடுக்கும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 1996ல் கலிபோர்னியா பென்சீன், ஒலிபீன், அரோமாட்டிக் அளவுகளுக்கும் ஆவியாகும் தன்மைக்கும் கடுமையான வரம்பு வைத்தது.

பலன்? 1955ல் அங்கே ஓசோன் பத்து லட்சத்தில் 0.68 பங்கு வரை போனது. இன்று கார்கள் பலமடங்கு பெருகியும் உச்ச அளவு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனாலும் அமெரிக்காவில் ஓசோன் மிகுந்த நகரங்களில் அது இன்னும் முன்னணியில்தான் இருக்கிறது. தவறான குற்றவாளியைத் துரத்தியதில் சில ஆண்டுகள் வீணாயின. அத்தனை நாளும் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் சாதாரண மக்கள்தான்.