எழுத்தை எண்ணி மறைமொழி அவிழ்த்தவர்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த யஃகூப் அல்கிந்தீ அவர்கள், மறைமொழிக் கடிதங்களை அவிழ்ப்பது குறித்து ஒரு ரிஸாலா எழுதினார்கள். அரபியின் 28 எழுத்துக்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக மாற்றி எழுதும் வகைகளோ 30 இலக்க எண்ணில் அடங்கும். ஒவ்வொன்றாகச் சோதிக்க எத்தனை ஆயுள் இருந்தாலும் போதாது. அவர்கள் சோதிக்கவில்லை, எண்ணினார்கள். அதே மொழியின் நீண்ட நூலொன்றில் மிகுதியாக வரும் எழுத்தைக் கண்டு, கடிதத்தில் மிகுதியாக வரும் குறியோடு பொருத்தினார்கள். அரபியில் அலிஃபும் லாமும் முந்தி நிற்கும். சிறு சீட்டில் இக்கணக்குப் பிசகும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

நம் பாட்டனார்களின் அரபுத்தமிழ்க் கடிதங்களுக்கு இக்கணக்குச் செல்லாது. எழுத்துத்தான் அரபி, மொழி தமிழ் அல்லவா! மறைப்பதற்காக எழுதப்படாத அக்கடிதங்களே இன்று நம் பிள்ளைகளுக்கு மறைமொழியாகிவிட்டன. அல்கிந்தீயின் ரிஸாலாவும் இஸ்தான்பூல் சுலைமானிய்யா நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1987இல்தான் டமாஸ்கஸில் அச்சேறியது.