மேரிக்கு வந்த கடிதங்கள்

ஜனவரியில் ஒருநாள், காஞ்சிபுரத்தில் ஓபி. ஒரு காலேஜ் பொண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேரும் தறியில், அதனால கூட வந்தது தோழி. "மூணு வாரமா இருமல்"னு பொண்ணு சொன்னா. "இல்ல சார், தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு" என்று திருத்தியது தோழிதான்.

அப்போ எனக்கு மேரி மார்ட்டின் ஞாபகம் வந்தது. யார் அதுன்னு கேக்குறீங்களா? உங்களுக்குத் தெரியலைன்னா தப்பே இல்ல.

ரஷ்யப் பேரரசில் பிறந்த மரி பாஷ்கிர்ட்செஃப் 1884இல், 25 வயசில், டிபியால் பாரிசில் இறந்தார். 1887இல் வெளிவந்த அவர் டைரியை உலகமே படித்தது. அதில் ரெண்டு வரியில் வந்துபோகும் தோழிகளை யாரும் தேடுவதில்லை. மேரியும் அப்படி ஒரு தோழிதான், ஆனா நம்ம நாட்டுக் கதையில்.

கல்கத்தாவின் தோரு தத் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியவர். ஒரு பெண்ணின் டைரி போலவே ஒரு பிரெஞ்சு நாவல்கூட எழுதி வெச்சிருந்தார். அவர் இறந்தபிறகு 1879இல்தான் அது அச்சானது. குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருந்தப்போ கேம்பிரிட்ஜில் மேரியோடு பழக்கம். 1873இல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே அக்கா ஆரு டிபியில் போய்விட்டார்.

அதுக்கப்புறம் தோருவுக்கு மனசு விட்டுப் பேச மேரிதான். பாக்மாரி தோட்ட வீடு, குதிரைகள், பூனைகள், அப்பாவோடு சமஸ்கிருதப் பாடம், எல்லாமே கடிதத்தில் போகும். பிந்தைய கடிதங்களில் இருமலும் ரத்தமும் வருகின்றன. டாக்டரா படிச்சா அது ஒரு கேஸ் ஷீட். வீட்டில் டிபி, அப்புறம் இருமல், அப்புறம் ரத்தம். 1877 ஆகஸ்ட் 30, தோரு இறந்தார். வயசு 21. காக் டிபி கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882இல்தான்!

மேரி அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போடல. 44 வருஷம் கழிச்சு, 1921இல், ஹரிஹர் தாஸ் எழுதிய தோருவின் வாழ்க்கை வரலாற்றில் அவை அச்சாயின. அதில் நாம் படிப்பது தோரு எழுதியதை மட்டும்தான். மேரி என்ன பதில் போட்டார்? அதை நாமதான் ஊகிக்கணும்.

நம்ம பொண்ணுக்கு சளி பரிசோதனையில் டிபி உறுதி. ஆறு மாச மாத்திரை. "நான் பக்கத்துல உக்காரலாமா சார்?"னு தோழி கேட்டா. வீட்டிலேயே வைத்து டிபிக்கு மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் சேர்ப்பதைவிட கூட இருப்பவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே நம்ம சென்னை ஆய்வுதான். முதல் சில வாரம் மட்டும் மாஸ்க், காற்றோட்டம், மாத்திரை தவறக்கூடாதுன்னு சொன்னேன்.

தோழிக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தேன்.