மணலில் எழுதிய விரல்

கல்வி வரலாறு பயில்வோர் ‘மெட்ராஸ் முறை’யை அறிவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறையை 1797இல் லண்டனில் வெளிவந்த தம் நூலின் வழியே பரப்பினார். நம் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆனால், அம்முறைக்கு வித்திட்டது மணல்.

ஒருநாள் காலை குதிரையில் சென்ற பெல், ‘மலபார்’ பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதக் கண்டார். அன்றைய ஐரோப்பியர் வழக்கில் ‘மலபார்’ என்பது தமிழையும் தமிழரையும் குறித்தது. அதைக் கேரளக் கரை என்று மட்டும் கொள்வது பிழை. தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். மாணவ ஆசிரியர் முறை அங்கிருந்தே கிளைத்தது.

இங்கிலாந்துக்குச் சென்ற மணல், தாளையும் மையையும் மிச்சப்படுத்தும் சிக்கனமாகவே மதிக்கப்பட்டது. கைக்கு அது ஆற்றிய பணி கவனம் பெறவில்லை. திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் எழுதியது. விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. மணிக்கட்டின் சிற்றெலும்புகள் முழுதாக உருப்பெறாத வயதில், மெல்லிய கருவியைப் பற்றும் சுமையின்றி எழுத்தின் வடிவம் மட்டும் கைக்குள் இறங்கியது. தவறினால் உள்ளங்கையால் அழித்துவிடலாம்.

இதே உண்மையை இதார், செகுவான் ஆகியோரின் ஆய்வுகள் வழியே வேறொரு பாதையில் வந்தடைந்தவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோமில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் வருடினர். 1939இல் அவர் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, பெல் மணலைக் கண்ட அதே நகருக்கு அது உப்புத்தாளாக வந்து சேர்ந்தது எனலாம். நாமோ அதைப் புதிய மேலை முறையாக வரவேற்றோம்.

2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 3 முதல் 8 வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே அடிப்படையாக்குகிறது. ஆயினும் மழலையர் வகுப்புகள் பலவற்றில் மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலே திணிக்கப்படுகிறது. விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். மறுநாளே கோடிட்ட நோட்டைத் தருகிறோம். பல மாதப் பயிற்சியாக இருந்த ஒன்றை ஒருநாள் சடங்காகச் சுருக்கிவிட்டோம். எழுதத் தயங்கும் குழந்தையைச் சோம்பேறி என்று ஏசுமுன் இந்த வரலாற்றை நினைவுகூர்வது நன்று.