கொல்லிமலையில் ஓர் இலக்கண வகுப்பு

நாமக்கல் மாவட்டத்தில், காரவல்லி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலையை அடையலாம். மலைமேல் பழங்குடி மாணவர்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. தேர்வு நெருங்கும் நாட்களில் அங்கு நடைபெறும் ஆங்கில வகுப்பு ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். கரும்பலகையில் நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், பிரிபொசிஷன் என்று ஒரு வரிசை. சிமிலி, மெட்டஃபர் என்று மற்றொரு வரிசை. மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய வரையறையை ஒப்பிக்கின்றனர். இவையெல்லாம் வேற்று நாட்டாரின் சரக்கு, மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது பலருடைய எண்ணம். அந்த அச்சத்தாலேயே ஆங்கிலத்தைக் கைவிடுவோரும் உண்டு. இவ்வெண்ணம் சரிதானா? அச்சொற்களின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

எட்டு வகை வந்த கதை

சொற்களை எட்டு வகையாகப் பிரித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். கி.மு. 100ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரால் வழங்கும் சிறுநூலில் இப்பிரிவு காணப்படுகிறது. கிரேக்கரிடமிருந்து உரோமர் இதனைப் பெற்றனர். இலத்தீனில் 'தி' போன்ற சார்படை கிடையாது. எனவே அதனை நீக்கிவிட்டு, வியப்புச் சொல்லைத் தனி வகையாக்கினர். எண்ணிக்கை எட்டாகவே நின்றது. இவ்விரு மொழியாரும் பெயரடையைத் தனி வகையாகக் கொள்ளாமல் பெயர்ச்சொல்லினுள்ளேயே அடக்கினர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணத்தை வில்லியம் புல்லோக்கர் 1586இல் எழுதினார். அவர் பின்பற்றியது இலத்தீன் இலக்கணத்தையே. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட இலக்கணம் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. அதில் சொற்கள் ஒன்பது வகை. பெயரடை அங்கே தனி இடம் பெற்றுவிட்டது. இந்தியாவில் 1835இல் ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவு கிடைத்த பின் இத்தகைய இலக்கணம் நம் வகுப்பறைகளிலும் குடியேறியது. 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

ஆக, ஆங்கிலேயருக்கும் இவை இரவல் சொற்களே! பிறர் தைத்த சட்டையைத் தம் உடலுக்கேற்பப் பிரித்தும் ஒட்டியும் அவர்கள் அணிந்துகொண்டனர். அதே சட்டையைத் தமிழுக்கும் போட்டுப் பார்த்தவர் உண்டு. தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று.

நம் வீட்டுக் கணக்கு

தமிழின் பழைய இலக்கணமான தொல்காப்பியம் சொற்களை நான்காக வகுக்கிறது: பெயர், வினை, இடை, உரி. இவற்றுள் பெயரும் வினையுமே அடிப்படை. மற்றவை அவற்றைச் சார்ந்து வருவன என்பது அந்நூலின் கொள்கை. கிரேக்கரும் சொற்களை ஆராயும்போது பெயர், வினை என்ற இரண்டிலிருந்தே தொடங்கினர். 'நவுன்' என்ற சொல்லின் வேர் 'நோமென்' என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் யாது? 'பெயர்' என்பதே! 

ஆனால் எல்லாச் சொற்களும் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்திவிடுவதில்லை. பிரிபொசிஷன் என்றால் 'முன்னே வைக்கப்படுவது' என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஆன் தி ஹில்' என்று மலைக்கு முன்னே 'ஆன்' நிற்கும். தமிழில் 'மலையில்' என்று உருபு பின்னே ஒட்டும். 'மலை ஏறிய சிறுவன்' என்று நாம் பெயரெச்சத்தால் சொல்வதை ஆங்கிலம் 'ஹூ' என்ற சொல்லைச் சேர்த்து, சிறுவனுக்குப் பின்னே வைத்துச் சொல்லும். மாணவர் தவறு செய்யும் இடங்கள் பெரும்பாலும் இத்தகையவையே. அறிவுக் குறைவால் வரும் தவறுகள் அல்ல இவை. தாய்மொழியின் ஒழுங்கு மற்றொரு மொழியிலும் தலைகாட்டுவதால் வருபவை. இரண்டு ஒழுங்கையும் அருகருகே வைத்துக் காட்டினால் பாதித் தடுமாற்றம் தீரும்.

மலையே ஓர் உவமை

இனிக் கரும்பலகையின் இரண்டாம் வரிசைக்கு வருவோம். சிமிலி என்பது உவமை. மெட்டஃபர் என்பது உருவகம். இவற்றை விளக்கக் கொல்லிமலை மாணவர் வெளியூர் எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. வல்வில் ஓரி ஆண்ட இம்மலையில் தெய்வத்தன்மை வாய்ந்த பாவை ஒன்று இருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. அதுவே கொல்லிப்பாவை.

குறுந்தொகையின் 100ஆம் பாடலில் கபிலர், தலைவியின் மடப்பத்துக்கு அப்பாவையை உவமையாக்குகிறார். நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் அதே பாவையை வேறு வகையில் கையாளுகிறார். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் பாவையின் வடிவம் அழிவதில்லை. அதுபோலத் தலைவியும் தலைவன் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. உவமை ஒன்றுதான், இரு புலவர்களும் எடுத்துக்கொண்ட பொதுத்தன்மையோ வெவ்வேறு.

உவமை எதனால் பிறக்கிறது என்ற கேள்விக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் விடை தருகிறது. வினை, பயன், வடிவு, நிறம் ஆகிய நான்கும் ஒப்புமைக்கு அடிப்படை என்கிறது. ஆங்கிலத் திறனாய்வில், ஒப்பிடப்படும் பொருளையும் அதற்கு ஒப்பாக வருவதையும் பிரித்துச் சுட்ட 'டெனர்', 'வெஹிகிள்' என்ற சொற்களை ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல்தான் புகுத்தினார். நம் இலக்கண மரபு பொருள், உவமை என அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பெயரிட்டிருந்தது.

இதைக் கொண்டு 'எல்லாம் நம்மிடமே உள்ளன, ஆங்கிலம் எதற்கு?' என்று கேட்பது பொருந்தாது. கிரேக்கரிடமிருந்து உரோமரும், உரோமரிடமிருந்து ஆங்கிலேயரும் கற்றது போல நாமும் கற்கலாம்; கற்க வேண்டும். ஆனால் வெறுங்கையோடு கடைக்குப் போகிறவர்கள் அல்லர் நாம். கொல்லிமலைச் சிறுமி தன் ஊர்ப் பேச்சில் நாள்தோறும் பெயரையும் வினையையும் உவமையையும் பிழையின்றிக் கையாளுகிறாள். வகுப்பறை அவளுக்குத் தருவது அவற்றின் பெயர்களைத்தான். இதனை ஆசிரியர் முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிட்டால், கரும்பலகையைக் கண்டு அவள் அஞ்சமாட்டாள்.