பழைய ஓட்டமாவடிப் பாலத்தில் எந்தக் காரை நிறுத்துவது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பாடசாலைக் கண்காட்சிக்காக நாங்களும் பிள்ளைகளும் பழைய ஓட்டமாவடிப் பாலத்தை மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறோம். ரெஜிபோமில் ஆறு, மட்டையில் இரும்புச் சட்டங்கள், நடுவே தண்டவாளம். 1928இல் மட்டக்களப்புக்குக் கோச்சி வந்த பாதை இது. ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே பாலம்தான். கோச்சி வரும் நேரம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மற்ற எல்லாம் இரு கரையிலும் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பைத்தான் காட்ட நினைத்தோம்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து விளையாட்டுக் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிவிட்டார்கள். பார்க்க வந்த ஒரு பெரியவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த வருசம்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 டீசல் எஞ்சினைச் செய்து வைத்திருந்தோம். அதற்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டி! அது 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு பெருகிய வாகனம். அதன் பின்னால் நேற்றுக் கடையில் வாங்கிய பந்தயக் கார்.

வருடம் ஒரு பிழை. அளவு இன்னொரு பிழை. பஸ்ஸும் காரும் ஒரே நீளத்தில் நின்றன. இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஹோர்ன்பி விளையாட்டு ரயில்களைச் செய்த மெக்கானோ கம்பனி, ரயிலுக்குப் பக்கத்தில் வைக்க 1933இன் இறுதியில் சிறிய உலோக வாகனங்களை விற்றது. அடுத்த வருடமே அவற்றுக்கு டிங்கி டோய்ஸ் என்று பெயர் வந்தது. ஆக, விளையாட்டுக் கார் ரயிலுக்குத் துணையாக வந்த பொருள். 1953இல் வந்த மெச்பொக்ஸ் கார்களின் கதை வேறு. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே பாடசாலைக்குக் கொண்டுவரலாம் என்ற விதியால், ஜெக் ஓடெல் என்ற பொறியியலாளர் தன் மகளுக்குச் சின்னதாக ஒரு ரோட் ரோலர் செய்து கொடுத்தார் என்பார்கள். அங்கே பெட்டிதான் அளவுகோல். லொறியானாலும் காரானாலும் பெட்டிக்குள் போக வேண்டும். அதனால்தான் அவற்றைக் கலந்து வைத்தால் கண்ணுக்கு ஒட்டாது.

ரயில் மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் 87இல் ஒன்று என்ற அளவைப் பின்பற்றுவார்கள். பிரித்தானியாவில் 76இல் ஒன்று. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதன்படி ஐந்தரை அடி மனிதன் 22 மில்லிமீற்றர், மொரிஸ் மைனர் கார் 5 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 8 மீற்றர் பஸ் பத்தரை சென்ரிமீற்றர். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளம் நமது ஐந்தரை அடி அகலப் பாதைக்கு ஒடுக்கம். 22 வேண்டும். அதையும் பிள்ளைகளே கம்பியில் செய்தார்கள். கணித ஆசிரியருக்கு நல்ல சந்தோஷம்.

பிறகு வருடம். நெடிய விவாதத்துக்குப் பின் 1962 என்று முடிவெடுத்தோம். அப்படியானால் பஸ் 'சி.டி.பி'யாக இருக்க வேண்டும். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ்கள் அரசுடைமையாகின. ஆங்கிலத்தில் 'எஸ்.எல்.டி.பி' என்று எழுதினால் பிழை, அது பின்னால் வந்த பெயர். தமிழில் அப்போதும் இ.போ.ச, இப்போதும் இ.போ.ச. அந்த ஒரு தொல்லை மிச்சம். கார்களின் இலக்கத் தகடும் காலத்தைச் சொல்லும். பழைய பதிவுக்கு ஆங்கில எழுத்துகள், புதிய பதிவுக்குச் சிங்கள 'ஸ்ரீ'. அந்த ஓர் எழுத்தால் நாடு பட்ட பாட்டை மூத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு மில்லிமீற்றரில் அது எவர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஒரு மாணவி ஊசி முனையால் இரண்டு வகையும் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒரு மாணவன் சிவப்பு இரட்டைத் தட்டு பஸ் கொண்டுவந்தான். லண்டனில் ஓடிய அப்படியான பஸ்கள் இலங்கைக்கும் வந்து கொழும்பு வீதிகளில் ஓடியது உண்மை. ஆனால் நம்ம பாலத்தில் கண்டதாக எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. மனமில்லாமல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது கேட்டில் நிற்பவை: நெல் மூடை ஏற்றிய இரண்டு மாட்டு வண்டில், மீன் பெட்டி கட்டிய நாலைந்து சைக்கிள், ஒரு மொரிஸ் மைனர், ஒரு பஸ். கார் மட்டும் வாங்கியது. வண்டில் எந்தக் கடையிலும் இல்லை. ஈர்க்கிலிலும் தீக்குச்சியிலும் பிள்ளைகள் செய்தார்கள். கேள்வி கேட்ட அதே பெரியவர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "வண்டில் இன்னும் கூட வேணும், கார் எப்பவாவதுதான் வரும்" என்றார். கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

பஸ்ஸில்தான் இன்னும் சந்தேகம். மூக்கு நீண்ட லேலண்டா, முகம் தட்டையானதா? உங்கள் வீட்டு அல்பத்தில் 1970க்கு முந்திய பாலத்தின் படம், அல்லது பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். வாப்பாமாரிடமும் மூத்தம்மாமாரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மட்டை வெட்டாமல் காத்திருக்கிறோம்.