பழம்பெரும் வீரருள் எவரை அழைப்பது?

பேராக் காற்பந்து அணி தோற்ற மறுநாள் ஈப்போவில் நம்மவர் கூடும் தேநீர்க்கடைகளில் ஒரு வழக்குமன்றம் தானே கூடிவிடுவது வழக்கம். வழக்கு யாதெனில், முன்னாள் வீரருள் மூவரை வாலிபராக மீட்டு இன்றைய அணியில் சேர்க்கலாமென்றால் எவரெவரைச் சேர்ப்பது என்பதே. இதனை வேலையற்றோர் பேச்சென்று தள்ளுவாருமுளர். நாம் அவ்வாறு தள்ளத் துணியோம். ஒரு சமூகம் தன் முன்னோருள் எவரை நெஞ்சில் நிறுத்தியது, எவரைக் கைவிட்டது என்பது இத்தகைய பேச்சிலே தெரிவதுபோல் பெரிய மாநாட்டுத் தீர்மானங்களிலே தெரிவதில்லை.

முதற் பெயர் பெரும்பாலும் கோல்காவலர் சாவ் சீ கியோங் என்பதாகவே இருக்கும். ஈப்போவிற் பிறந்து, நாட்டு அணிக்கு ஆடி, ஹாங்காங் சென்றும் புகழ் நாட்டிய அவர், ஆசியாவின் தலைசிறந்த கோல்காவலரென ஐந்து முறை போற்றப்பட்டவர், 2018இல் மறைந்தார். உடனே ஒருவர் எழுந்து, "நம் ஆறுமுகம் எங்கே போனார்?" என்பார். 'சிலந்தி மனிதர்' என்று பெயர்பெற்ற ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளை மறந்தவர் எவர்? ஆயினும் அவர் சிலாங்கூர்க்காரராயிற்றே! 1988இல் விபத்தில் மாண்ட அவ்வீரரை இத்தனை ஆண்டு கழித்துப் பேராக்கிற்கு மாற்ற மன்றம் இசைவதில்லை. முன்வரிசைக்கு, 2002லும் 2003லும் பேராக் தொடர் வாகை சூடிய காலத்துக் காலிட் ஜம்லுஸ். பயிற்றுநர் ஆசனத்திற்கு, மலேசியாவை 1980 ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெறச் செய்து, பின்னர்ப் பேராக்கிற்கு வந்து பணியாற்றி, 2017இல் ஈப்போவிலேயே உயிர்நீத்த ஜெர்மானியர் கார்ல்-ஹைன்ஸ் வைகாங். அல்லது பேராக்கிற்காக ஆடிப் பின் பயிற்றுநராகி, 2011இல் கிளந்தானை நாட்டின் உயர்நிலைத் தொடரில் முதலிடத்திற்கு உயர்த்திய எம். கராத்து.

நல்ல பட்டியல்தான். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒருசேர நிற்கும் பட்டியல். சாதியும் சமயமும் கேளாமல் திறமை ஒன்றையே கேட்கும் இடம் நம் நாட்டில் இருக்குமாயின் அது இதுவே என்று மகிழலாம். ஆனால் தோட்டத்து மக்களாகிய நம் பாட்டன்மார் இப்பட்டியலில் எங்கே என்று கேட்டால் மன்றம் மௌனமாகிவிடுகிறது. அம்மௌனத்தின் காரணத்தைத் தேடக் கிண்ணத்தின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று மலேசியக் கிண்ணம் எனப்படுவது 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கியது. அதனை அளித்தவர் 'மலாயா' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும். அக்கப்பலோ பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் நாடுகளின் பணத்திற் கட்டப்பட்டு, ஆங்கிலேய அரசுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. 1916இல் ஜட்லண்டுக் கடற்போரில் ஈடுபட்டது. கப்பலுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? இந்நாடுகளின் வருவாய் ஈயத்தை நம்பி நின்றது. ரப்பர் அதனோடு வளர்ந்து வந்தது. ஈயக் குழியிற் சீனரும் பால்மரத்தடியில் தமிழரும் சிந்திய வியர்வையிலும் அக்கப்பல் மிதந்ததென்றால் மிகையாகாது. அக்கப்பலின் நன்றிக்கடனாக வந்த கிண்ணத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை எந்த மேடையிலும் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை!

பேராக் அக்கிண்ணத்தை முதன்முதல் 1926இலும் மறுபடி 1931இலும் வென்றது. இரண்டாம் வெற்றியின் காலத்தைக் கவனியுங்கள். உலகெங்கும் வணிகம் வீழ்ந்து ரப்பர் விலை சரிந்த நேரம். தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றிருந்த கூலி 1930 முதல் வெட்டப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரவர் குடும்பத்தோடு நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். ஈப்போவில் வெற்றி முழக்கம் எழுந்த அதே நாட்களில், லயத்திலே இன்று எவர் வீடு காலியாகிறது என்பதே பேச்சு.

அப்படியென்றால் தோட்டத்தில் பந்து உருளவில்லையா? உருண்டது, நன்றாகவே உருண்டது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, பாலை நிறுத்துக்கொடுத்துவிட்டு வந்த கால்கள் மாலையில் திடலுக்குப் போயின. காலணியுள்ளவன் அரிது. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி, துரை கொடுக்கும் கோப்பை, கிராணி ஊதும் ஊதல், தோற்ற தோட்டத்தார் வழியெல்லாம் நடுவரை வைதுகொண்டு லாரியில் திரும்புதல்: இவையெல்லாம் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் புதிய செய்தியல்ல. மாலைப்பொழுதைக் கள்ளுக்கடையிலிருந்து பறித்த ஒரே பகைவன் அந்தப் பந்துதான் என்று கூறலாம். சீர்திருத்தச் சொற்பொழிவுகள் பல செய்ய முடியாததை ஒரு தோற்பந்து செய்தது.

மாநில அணிக்கு ஆள் எடுத்தோர் கண் எங்கே இருந்தது? பட்டணத்துச் சங்கங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும். ஈப்போவில் 1895இல் தோன்றிய ஆங்கிலோ-சீனப் பள்ளி, 1909இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளி, 1912இல் தோன்றிய செயின்ட் மைக்கேல் பள்ளி ஆகியவற்றின் திடல்களில் ஆடியவனுக்குப் பயிற்றுநர் உண்டு, காலணி உண்டு, பத்திரிகையில் பெயரும் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது. அது தந்த கல்வியோ சில வகுப்புகளோடு முடிந்தது. அதற்கப்பால் பையன் கையில் பால் வெட்டும் கத்தி ஏறிற்று. சுங்கை சிப்புட்டின் உட்புறத் தோட்டத்துப் பையன் எத்துணை வேகமாக ஓடினாலும், அவனைப் பார்க்க ஈப்போவிலிருந்து எவரும் வரப்போவதில்லை. பார்க்கப்படாதவன் எப்படிப் 'பழம்பெரும் வீரன்' ஆவான்?

ஆற்றற் குறைவென்று சொல்வாரும் உண்டு. அவர்க்கு விடை வரலாற்றிலே இருக்கிறது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்று அமெரிக்காவை மூன்று கோலுக்கு வென்ற மலேசிய அணியில் எம். சந்திரனும் வி. கிருஷ்ணசாமியும் இருந்தனர். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். கதவு சற்றே திறந்த இடத்திலெல்லாம் நம்மவர் புகுந்திருக்கின்றனர்.

பேராக் 1957லும், கிண்ணம் மலேசியப் பெயர் பூண்ட 1967லும், 1970லும் மீண்டும் வென்றது. அதே காலத்தில் தோட்டங்களில் நடந்தது வேறு. ஐம்பதுகளிலிருந்து பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சுங்கை சிப்புட் தந்த தலைவர் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடம் சிறு தொகை திரட்டித் தோட்டம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியது இதற்கு அஞ்சியே. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் வீடமைப்பு வந்தது. லயத்தை விட்டு வெளியேறியவருக்கு இழப்பீடு பற்றிப் பேச்சாவது நடந்தது. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நாம் போராடினோம், போராடியது முறையே. திடலுக்காக எவர் மனுக் கொடுத்தார்? பட்டணத்தின் மலிவு அடுக்குவீட்டுக்கு வந்த பையனுக்கு மோட்டார் நிறுத்துமிடமே மைதானமாயிற்று.

கிண்ணத்தின் கதை இன்னும் சிறிது உண்டு. 1970க்குப் பின் 28 ஆண்டு காத்து 1998இல் பேராக் திரங்கானுவைப் பினால்டி உதைகளில் வென்றது. 2000இலும் கிண்ணம் வந்தது. 2018இல் மறுபடியும் அதே திரங்கானு, அதே பினால்டி. அதன்பின் சரிவு விரைந்தது. 2021இல் அணி கீழ்த்தொடருக்கு இறங்கிற்று. 2023இல் மேலே வந்தும் நிலைக்கவில்லை. 2025-26 பருவத்தின் உயர்நிலைத் தொடரில் பேராக் அணியே இல்லை. எட்டு முறை கிண்ணம் வென்ற மாநிலம் பார்வையாளர் வரிசைக்கு வந்தது!

எனவே வழக்கு மாறிவிட்டது. சாவ் சீ கியோங்கை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தாலும் நிறுத்திவைக்கக் கோல்கம்பம் வேண்டுமே. மூவரை அழைக்கும் உரிமை நமக்குத் தரப்படுமாயின், நாம் மாலை ஐந்து மணியையும், வேலியில்லாத ஒரு திடலையும், ஊதல் வைத்திருந்த அந்தக் கிராணியையும் அழைப்போம். பிள்ளைகளை நாடிப் போய்ப் பார்க்கும் ஒரு தேர்வாளரை நான்காமவராகச் சேர்க்க விதி இடந்தருமா என்பதை மன்றமே முடிவு செய்யட்டும்.

அதற்குள் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. தோட்டத்து அணிகளின் பழைய புகைப்படங்கள் இன்னும் சில வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. பதினொருவர் வரிசையாய் நிற்க, நடுவே துரை அமர்ந்திருப்பார். துரையின் பெயர் மட்டும் கீழே அச்சாகியிருக்கும். மற்றவர் பெயர்களைச் சொல்லவல்லோர் எண்பதைக் கடந்துவிட்டனர். தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக்கு வருவோருள் அத்தகைய முதியவர் பலர் இருப்பர். அவரருகே ஒரு தாளும் எழுதுகோலுமாக அமர இளைஞர் சிலர் முன்வர வேண்டும்.