முயல் மூத்திரத்தில் தொடங்கிய கதை

உடம்புல அமிலம் ஏறிப்போச்சு, காரத் தண்ணி குடிங்க என்று சொல்பவர்கள் ஒரு நிறத்தாளைச் சிறுநீரில் நனைத்துக் காட்டுவார்கள். அந்தத் தாளின் பின்னால் போனால், பிரான்சில் சில முயல்களிடம் போய் நிற்கிறோம்.

சந்தையிலிருந்து உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்டின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவை அவை. புல் தின்னும் பிராணியின் சிறுநீர் கலங்கலாக, காரமாக இருக்கணும். இவற்றுக்கோ தெளிவாக, அமிலமாக இருந்தது. பட்டினி கிடந்து தன் சதையையே கரைத்து வாழ்கின்றன என்று ஊகித்தார். புல் போட்டதும் காரத்துக்குத் திரும்பியது. 1865இல் வந்த தன் நூலில் இதை விவரிக்கிறார்.

மாறியது சிறுநீர்தான். ரத்தம் 7.35 முதல் 7.45க்குள்ளேயே நிற்கும், அப்படி நிறுத்தத்தான் நுரையீரல் கரியமில வாயுவையும், சிறுநீரகம் மிச்ச அமிலத்தையும் வெளியே தள்ளுகின்றன. தாளில் தெரிவது அந்தக் கழிவு, அவ்வளவுதான்.

இதைக் கண்டுகொள்ளாமல், நோய்க்கெல்லாம் அமிலமே வேர் என்றார் அமெரிக்கர் ராபர்ட் யங். கலிபோர்னியாவில் அவருடைய பண்ணையில் நோயாளிகளுக்குச் சோடா உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினார்கள். உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றவாளி என்று 2016இல் தீர்ப்பானது. 2018இல், அவரை நம்பி வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்த மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு 10.5 கோடி டாலர் தரச் சொன்னது சான் டியாகோ நடுவர் குழு. அதற்குள் நோய் நான்காம் கட்டத்துக்குப் போயிருந்தது.